போர்டு போயிடுச்சு சார்

எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் ஒரு வாரமாகச் சாயங்காலத்தில் மட்டும் மக்கர் செய்தது. காலையில் போட்டால் துவைத்து, அலசி, பிழிந்து கொடுத்துவிடும். அதே மாதிரித் துணியை மாலை நாலு மணிக்குப் போட்டால் கொஞ்ச நேரம் முனகிவிட்டு நின்றுவிடும். திரையில் ஐ.இ. என்று இரண்டு எழுத்து. பீப், பீப், பீப். அம்மா அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்திருந்தார்: "அதுக்கும் பொழுது சாஞ்சா அசதியா இருக்கும் போல."

சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டோம். மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு ஒரு தம்பி வந்தார். அவர் எதிரில் மெஷின் சமர்த்தாக ஓடியது. நான் செல்போனில் எடுத்து வைத்திருந்த ஐ.இ. படத்தைக் காட்டினேன். "இன்லெட் வால்வ் மாத்தணும் சார். அப்பவும் வந்துச்சுன்னா போர்டு" என்றார். எஸ்டிமேட் எழுதிக் கொடுத்துவிட்டு, விசிட்டிங் சார்ஜ் வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

அவர் போன பிறகு கையேட்டைத் தேடி எடுத்தேன். ஐ.இ. என்றால் 'தண்ணீர் போதிய அளவு வரவில்லை' என்றுதான் இருந்தது. வால்வு கெட்டுவிட்டது என்று மெஷின் சொல்லவே இல்லை. இந்தக் காலத்து வீட்டுச் சாதனங்களோடு நாம் படும் பாட்டில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது. அது சொல்வது தலைவலி என்று மட்டும்; அதை மூளைக் கட்டி என்று படித்துவிட்டு வருபவர் வேறு ஆள்.

மெஷினுக்குத் தண்ணீர் மட்டம் எப்படித் தெரிகிறது? தொட்டியின் அடிப்பக்கத்திலிருந்து பென்சில் கனத்தில் ஒரு ரப்பர் குழாய் மேலே போகும். தண்ணீர் ஏற ஏறக் குழாய்க்குள் இருக்கும் காற்று நெருக்குண்டு, மேல் முனையில் உள்ள சென்சாரை அழுத்தும். அந்த அழுத்தத்தை வைத்து மட்டத்தைக் கணக்குப் போடுகிறது. வால்வைத் திறந்துவிட்டு ஒரு கண்ணைக் கடிகாரத்தில் வைத்திருக்கும். குறித்த நிமிடங்களுக்குள் மட்டம் வராவிட்டால் ஐ.இ. குழாய் மூடியிருந்தாலும், டேங்க் காலியானாலும், ஹோஸ் மடங்கியிருந்தாலும், வடிகட்டி அடைத்திருந்தாலும், வால்வு நிஜமாகவே செத்திருந்தாலும் காட்டுவது அதே இரண்டு எழுத்துதான்.

சரி, சாயங்காலத்தில் மட்டும் ஏன்? எங்கள் வீடு மேல் மாடி. தலைக்கு மேலே மொட்டை மாடி, அதில் இரண்டடி மேடையில் டேங்க். கையேட்டில் தண்ணீர் அழுத்தம் குறைந்தது 0.3 பார் வேண்டும் என்று போட்டிருந்தது. 10 மீட்டர் உயரத்துத் தண்ணீர் தரும் அழுத்தம் ஏறத்தாழ 1 பார், அப்படியென்றால் 0.3 பாருக்கு 3 மீட்டர், அதாவது பத்தடி. மெஷின் குழாயிலிருந்து கூரை வரை ஏழடி, மேடை இரண்டடி, கான்கிரீட் கனத்தையும் சேர்த்தால் டேங்கின் அடிமட்டம் வரை ஒன்பதரை அடி. டேங்க் நிரம்பியிருந்தால் இன்னும் நாலடித் தண்ணீர் மேலே நிற்கும், மெஷினுக்குத் தாராளம். காலையில் மோட்டார் போட்டு நிரப்புகிறோம். சாயங்காலம் குளியல், பாத்திரம் எல்லாம் முடிந்து அடியில் கணுக்கால் தண்ணீர்தான் மிஞ்சும். அசதி மெஷினுக்கு இல்லை, டேங்குக்கு! கீழ் வீட்டில் அதே மெஷின் எட்டு வருஷமாகச் சத்தம் போடாமல் ஓடுவதற்கும் இதுதான் காரணம். அவர்களுக்கு எங்களைவிடப் பத்தடி அழுத்தம் கூடுதல்.

மீதிப் பாதியைக் கண்டுபிடித்தவர் தெருமுனையில் மிக்சி, ஃபேன், கிரைண்டர் பார்க்கும் பாய். மெஷினின் முதுகில் தண்ணீர் ஹோஸைக் கழற்றினார். வால்வின் வாயில் விரல்நகம் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் வலை இருந்தது. அதை நோஸ் பிளேயரால் இழுத்து உள்ளங்கையில் தட்டினார். ஒரு சிட்டிகை மணல், இரும்புக் குழாயின் துருச் செதில், பச்சைப் பாசி, பிளம்பர் சுற்றிய வெள்ளை டேப்பின் நூல் ஒன்று. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி மாட்டினார். "போர் தண்ணி ஊரும்மா இது. மாசம் ஒரு தரம் இதைக் கழட்டிக் கழுவினாப் போதும்" என்று அம்மாவிடம் சொன்னார். அரை டேங்க் தண்ணீரிலும் மெஷின் ஓடியது. பூஸ்டர் பம்ப் வாங்கும் யோசனையைக் கைவிட்டோம். எஸ்டிமேட் காகிதம் இன்னும் கையேட்டுக்குள்ளேயே இருக்கிறது.

ஒரு தடவை காரணம் புரிந்துவிட்டால் எரிச்சலில் பாதி வடிந்துவிடுகிறது. அதனால் மற்ற எரிச்சல்களையும் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தேன்.

துவைத்து முடித்த பிறகும் கதவு ஏன் உடனே திறப்பதில்லை? பல முன்கதவு மெஷின்களில் கதவுப் பூட்டு மின்சாரத்தால் சூடாகி வளையும் ஓர் உலோகப் பட்டையால் வேலை செய்கிறது. மெஷின் ஓடும்போது பட்டை சூடாக இருக்கும், கொக்கி மாட்டிக்கொண்டிருக்கும். நின்றதும் ஆற வேண்டும். அதற்கு ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். இழுத்தால் ஆறாது, கைப்பிடிதான் உடையும். எங்கள் வீட்டில் ஒரு முறை உடைந்தது.

'1 நிமிடம்' என்று காட்டிவிட்டுப் பத்து நிமிடம் அங்கேயே நிற்கும் கொடுமை வேறு. அந்த எண்ணை மெஷின் உத்தேசமாகத்தான் காட்டுகிறது. பிழிவதற்கு முன் டிரம்மை மெதுவாகச் சுற்றி எடை ஒரு பக்கமாகச் சாய்கிறதா என்று பார்க்கும். ஒரே ஒரு கனத்த பெட்ஷீட் பந்தாகச் சுருண்டிருந்தால் சாயும். உடனே நிறுத்தி, திருப்பிச் சுற்றி, உதறி, மறுபடி முயலும். ஒவ்வொரு முயற்சிக்கும் நேரம் ஓடும். திரையில் மட்டும் ஓடாது. சோப்புத் தூளைக் கை நிறைய அள்ளிப் போட்டாலும் இதேதான். நுரை அதிகம் என்று கண்டால் தானாக இன்னொரு அலசலைச் சேர்த்துக்கொள்ளும். பெட்ஷீட்டோடு நாலு துண்டைச் சேர்த்துப் போடுங்கள், தூளைப் பாதியாக்குங்கள். நேரம் குறையும்.

ஆனாலும் இரண்டரை மணி நேரமா? கல்லில் அடித்துத் துவைத்த தலைமுறைக்கு இது ஏமாற்று வேலையாகத் தெரியும். ஹென்கெல் நிறுவனத்தில் இருந்த ஹெர்பர்ட் சின்னர் என்ற ஜெர்மானியர் 1959இல் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார். அழுக்குப் போக நாலு விஷயம் வேண்டும்: சூடு, சோப்பு, அடி, நேரம். ஒன்றைக் குறைத்தால் மற்றதைக் கூட்டியாக வேண்டும். வாஷிங் மெஷினில் கரண்டைத் தின்பது மோட்டாரைவிடத் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர்தான். 15 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக அரை யூனிட் ஆகும். 40 டிகிரியோடு நிறுத்திக்கொண்டால் அதில் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே கரண்ட் மிச்சம், தண்ணீர் மிச்சம் என்று ஸ்டிக்கர் ஒட்டிய மெஷின் சூட்டைக் குறைக்கிறது. அதை ஈடுகட்ட நேரத்தை நீட்டுகிறது. நேரம் அதன் பாக்கெட்டிலிருந்து போவதில்லை, நம் பாக்கெட்டிலிருந்து போகிறது. அலுவலகம் கிளம்பும் அவசரத்தில் அரை மணி நேர 'குவிக்' போடுவது தப்பில்லை, பாதி டிரம்முக்கு மேல் திணிக்காத வரை.

முடிந்ததும் பாட்டுப் பாடுவது மட்டும் யாருக்காக என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. சாம்சங் மெஷின்கள் இசைக்கும் மெட்டு ஃபிரான்ஸ் ஷூபர்ட் 1817இல் எழுதிய ஒரு பாட்டு. பாட்டின் நாயகன் ஓடையில் துள்ளும் ஒரு மீன். விடிகாலை சுப்ரபாதத்தின் நடுவில் அது நுழைவதை ஷூபர்ட் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

இனி போர்டுக்கு வருவோம். "போர்டு போயிடுச்சு சார்" என்ற வாக்கியத்தைக் கேட்காத வீடு இன்று குறைவு. பழைய அரைத்தானியங்கி மெஷினில் ஒரு திருகு இருந்தது. திருகினால் உள்ளே ஸ்பிரிங் இறுகும், 'டிக் டிக்' என்று இறங்கும், மோட்டார் ஓடும். திருகு கெட்டால் திருகை மாற்றுவோம். இப்போது அந்தத் திருகின் வேலையையும், நம் கண், காது, கை செய்த வேலையையும் ஒரு பச்சை அட்டை செய்கிறது. மோட்டார் எவ்வளவு வேகம், தண்ணீர் எவ்வளவு, கதவு மூடியதா எல்லாம் அதன் கையில். மோட்டார், டிரம், கம்ப்ரஸர் போன்ற உழைக்கிற பாகங்கள் முன்பைவிட நன்றாகத்தான் இருக்கின்றன. போவது கணக்குப் போடுகிற பாகம்.

ஏன் போகிறது? அந்த அட்டையில் உள்ள சிப்புகளுக்கு வேண்டியது 5 வோல்ட், 3.3 வோல்ட் மாதிரிச் சின்ன அளவு. சுவரில் வருவது 230. நடுவில் இறக்கிக் கொடுக்கும் சுற்றுதான் முதல் அடியை வாங்குகிறது. நம் ஊரில் அந்த அடி பெரும்பாலும் கரண்ட் போகும்போது விழுவதில்லை, திரும்பி வரும்போது விழுகிறது. தெரு முழுக்க எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் கிளம்ப, வோல்டேஜ் தள்ளாடும். கரண்ட் வந்ததும் ஐந்து நிமிடம் பொறுத்து ஸ்விட்சைப் போடும் பழைய பழக்கம் மூடநம்பிக்கை இல்லை.

இதைவிடப் பெரிய எமன் ஒன்று உண்டு. இ.பி. ஆட்கள் வாயில் 'நியூட்ரல் கட்' என்று கேட்டிருப்பீர்கள். தெருவுக்கு மூன்று ஃபேஸும் ஒரு நியூட்ரலும் வருகின்றன. எந்த ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 230 வோல்ட். இரண்டு ஃபேஸ்களுக்கு நடுவில் 400. நியூட்ரல் வயர் எங்காவது அறுந்தால், வெவ்வேறு ஃபேஸில் உள்ள உங்கள் வீடும் எதிர் வீடும் அந்த 400 வோல்ட்டில் தொடராக மாட்டிக்கொள்ளும். பங்கு சமமாகப் பிரியாது. ஏசி, கீசர் என்று நிறைய இழுக்கும் வீட்டில் வோல்டேஜ் விழும். ஒரு ஃபிரிட்ஜும் ஒரு டியூப்லைட்டும் மட்டும் ஓடும் வீட்டில் 300ஐத் தாண்டி ஏறும். சிக்கனமாக இருந்தவருக்குத்தான் தண்டனை! விளக்கு திடீரென்று பளீரென்று எரிந்தாலோ, ஃபேன் பேய் பிடித்த மாதிரிச் சுற்றினாலோ, அருகில் போய்ப் பார்க்க வேண்டாம். முதலில் மெயினை அணைத்துவிடுங்கள். அப்படி ஒரு ராத்திரியில் ஒரே தெருவில் பத்து டி.வி. போவது நடக்கிற கதை.

ஸ்டெபிலைசர் இதைத் தடுக்குமா என்றால், பாதிதான். வோல்டேஜ் மெதுவாக ஏறி இறங்குவதை அது சரிக்கட்டும். மின்னல் மாதிரி வந்து போகும் அடியைப் பிடிக்க அதற்கு வேகம் போதாது. அளவு மீறினால் மொத்தச் சப்ளையையும் வெட்டி, சரியானதும் தானே சேர்க்கும் வோல்டேஜ் ப்ரொடெக்டர் ஒன்றை மீட்டர் போர்டுக்குப் பக்கத்தில் எலக்ட்ரீஷியனைக் கொண்டு மாட்டலாம். இன்று வீட்டில் போர்டு உள்ள சாமான்களை எண்ணிப் பார்த்தால் அந்தச் செலவு பெரிதாகத் தெரியாது.

அப்புறம் ஜீவராசிகள். ஏசி வெளி யூனிட்டின் போர்டில் கதகதப்பைத் தேடிப் போகும் பல்லி, இரண்டு முனைகளுக்குக் குறுக்கே உடம்பை நீட்டினால் பல்லியும் போச்சு, போர்டும் போச்சு. வாஷிங் மெஷினின் அடிவயிறு திறந்திருந்தால் எலிக்கு வயர் கடிக்க வசதி. பாய் தன் கடையில் ஒரு கருகிய பல்லியை, அது சாகடித்த போர்டோடு சேர்த்தே மாட்டி வைத்திருக்கிறார். வாடிக்கையாளர் நம்புவதில்லையாம்.

செத்த போர்டு எல்லாம் நிஜமாகச் செத்ததும் இல்லை. போர்டின் நுழைவாயிலில் நீல வட்டமாக, பழைய ஐம்பது பைசா மாதிரி, வேரிஸ்டர் என்று ஒரு பாகம் இருக்கும். அளவுக்கு மீறி வோல்டேஜ் வந்தால் அது தன் மேல் வாங்கிக்கொண்டு, பக்கத்தில் உள்ள ஃபியூஸை எரித்துவிட்டுச் சாகும். பின்னால் இருப்பவை பிழைக்கும். அப்படிப்பட்ட போர்டுக்கு வேண்டியது ஒரு வேரிஸ்டர், ஒரு ஃபியூஸ், பத்து நிமிடச் சால்டரிங். சென்னை ரிச்சி தெருப் பக்கம் போனால் இந்தப் பாகங்கள் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். ஆனால் கம்பெனி ஆள் போர்டைத் தட்டிப் பார்க்க மாட்டார், முழுசாக மாற்றுவார். விலை மெஷினில் மூன்றில் ஒரு பங்கு. அவரைத் திட்டியும் பயனில்லை. ஒரு நாளைக்கு எட்டு வீடு பார்க்க வேண்டிய ஆளுக்கு, மாடிப்படியில் உட்கார்ந்து ஒரு போர்டை நோண்ட நேரமும் இல்லை, அனுமதியும் இல்லை.

இதில் ஒரு முரண் எனக்குப் பிடித்தமானது. பல மெஷின்களில் போர்டின் மேல் ஜெல்லி மாதிரி ஒரு பசையை ஊற்றி இறுக்கியிருப்பார்கள். ஈரமும் கரப்பானும் அண்டக்கூடாது என்று. நம் ஊர் ஈரக்காற்றுக்கு அது நல்ல காவல். ஆனால் அதே பசை பாயின் சால்டரிங் முனையையும் உள்ளே விடாது. அவர் தலைமுடி உலர்த்தும் டிரையரால் சூடு காட்டி, பல் குத்தும் குச்சியால் சுரண்டிச் சுரண்டி எடுக்கிறார். ஒரு போர்டுக்கு அரை நாள். கூலி கேட்கவே கூச்சப்படுகிறார்.

ரிப்பேர் மறுக்கப்பட்டதால் ஒரு சாதனமே பிறந்த கதை நம் சமையலறையில் உண்டு. பம்பாயில் மாதுரி மாத்தூர் என்ற இல்லத்தரசியின் ஜெர்மன் மிக்சி, நம் ஊர் அரவைக்குத் தாங்காமல் மோட்டார் எரிந்து போனது. இங்கே அதைச் சரிசெய்ய வழியில்லை. சீமென்ஸில் இன்ஜினியராக இருந்த அவர் கணவர் சத்ய பிரகாஷ் மாத்தூர், ஊறின உளுந்தும் காய்ந்த மஞ்சளும் தாங்கும் மோட்டாரோடு ஒன்றைத் தானே செய்தார். 1963இல் அது சுமீத் ஆயிற்று. தமிழ்நாட்டில் கல்யாணச் சீரில் இடம்பிடித்தது. அந்தத் தலைமுறை மிக்சியின் அழகு, பலவீனத்தை வேண்டுமென்றே ஓர் இடத்தில் வைத்திருந்ததுதான். ஜாருக்குக் கீழே ஒரு கப்ளர். பிளேடு சிக்கினால் அது உடையும், மோட்டார் தப்பிக்கும். கூடுதல் பாரம் ஏறினால் அடியில் உள்ள சிவப்புப் பட்டன் 'டப்' என்று வெளியே வரும். ஆறவிட்டு அழுத்தினால் மறுபடி ஓடும். அந்தப் பட்டன் இருப்பது தெரியாமல் மிக்சியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வருபவர்கள் இன்னும் வாரத்துக்கு இரண்டு பேர் என்கிறார் பாய். அழுத்திவிட்டுக் காசு வாங்காமல் அனுப்பிவிடுவாராம்.

கடையில் '10 வருஷ வாரண்டி' என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது மோட்டாருக்கோ கம்ப்ரஸருக்கோ மட்டும். போர்டு பெரும்பாலும் முழு மெஷின் வாரண்டியோடு, ஒன்றிரண்டு வருஷத்தில் முடிந்துவிடும். கெடாத பாகத்துக்குப் பத்து வருஷம், கெடுகிற பாகத்துக்கு இரண்டு. வாங்கும்போதே "போர்டுக்கு எத்தனை வருஷம்?" என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். இன்னொன்று: 'இன்வெர்ட்டர் ஏசி' என்றால் கரண்ட் போனாலும் வீட்டு இன்வெர்ட்டரில் ஓடும் என்று நினைத்து வாங்கியவர்கள் உண்டு. பேட்டரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கம்ப்ரஸரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் போர்டுக்குத்தான் அந்தப் பெயர்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச்சிலிருந்து, விற்கும் வாஷிங் மெஷின்களுக்கு முக்கிய உதிரி பாகங்களைப் பத்து வருஷம் வரை கொடுத்தாக வேண்டும் என்று விதி. நம் நாட்டில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று, கையேடும் உதிரி பாகமும் சர்வீஸ் விவரமும் ஒரே இடத்தில் கிடைக்க 'ரைட் டு ரிப்பேர்' என்று ஓர் இணையதளம் தொடங்கியது. வாரண்டியில் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கூப்பிடும்போது பில்லும், எரர் எழுத்தின் படமும், வந்துபோன தேதிகளும் கையில் இருக்கட்டும்.

தொடு பட்டன்கள் பற்றி ஒரு வார்த்தை. இண்டக்‌ஷன் அடுப்பின் கண்ணாடிக்கு அடியில் விரலின் மின்தன்மையை உணரும் தகடு இருக்கிறது. தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்துவதால், பொங்கி வழிந்த கஞ்சியை அது விரல் என்று நினைத்துக்கொள்ளும். மாவுக் கையோடு தொடும் நிஜ விரலைக் கண்டுகொள்ளாது. சமையலறைக் கை என்றைக்கு உலர்ந்திருந்தது? கண் தெரியாதவர்களுக்கு அந்த வழுவழுக் கண்ணாடியில் பிடி ஒன்றும் இல்லை. குமிழ் வைத்த மாடல் இன்னும் கிடைக்கிறது. நான் அதைத்தான் வாங்கினேன்.

கடைசியாக வந்தது ஃபேன். பழைய ஃபேன் 75 வாட், புதிய பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட். நாளைக்குப் பதினைந்து மணி நேரம் ஓடினால் மாதம் 20 யூனிட் மிச்சம். கணக்கு சுத்தம், அதனால் வாங்கினோம். சுவர் ரெகுலேட்டர் இதற்கு ஆகாது. வேகம் முழுக்க ரிமோட்டில். பழைய ஃபேன் மெதுவாகச் சுற்றினால் பாய் ஒரு கண்டென்சரை மாற்றிப் பத்து நிமிடத்தில் இறங்கிவிடுவார். இதற்குள்ளேயும் போர்டு. போன மார்கழியில் ரிமோட் சோபாவுக்குள்ளோ பழைய பேப்பர்க் கட்டுக்குள்ளோ போய்விட்டது. அப்பா இரண்டு ராத்திரி முழு வேகக் காற்றில் போர்த்திக்கொண்டு நடுங்கினார். அப்புறம் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பார்த்தோம்: இந்த மாடலில் சுவர் ஸ்விட்சைச் சட்டென்று அணைத்துப் போட்டால், ஒவ்வொரு தரமும் வேகம் ஒரு படி மாறும்.

இப்போது அப்பா படுக்கப் போகுமுன் ஸ்விட்ச் பக்கத்தில் நின்று 'டக்-டக், டக்-டக், டக்-டக்' என்று மூன்று தரம் தட்டுகிறார். மேலே ஃபேன் யோசித்து யோசித்து வேகத்தைக் குறைக்கிறது. "ரெகுலேட்டர் என்னடா பாவம் பண்ணிச்சு?" என்று கேட்டுவிட்டு விளக்கை அணைக்கிறார்.